கர்ப்பவதிகள் பட்டியல்

அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவளே நான்தான். ஆலய அலுவலகத்தில் பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. எங்கள் ஆலயத்து ஆயர் எழுதித் தருவதை மனுஷர்கள் படிக்கிற தமிழாக்குவதும் நான்தான், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் இது மேலிடத்து அறிக்கை, ஒரு எழுத்தைத் தொடக்கூடாது. கருக்கலைப்பு கொலை என்று ஞாயிறன்று எல்லா ஆலயங்களிலும் வாசிக்க வேண்டும், பத்திரிகைகளுக்கும் கொடுக்க வேண்டும். கடைசிப் பத்தியில் என் விரல் நின்றுவிட்டது. செய்துகொண்டவளுக்கும் துணைபோனவர்களுக்கும் நற்கருணை இல்லை. துணைபோனவர் ஆலய ஊழியர் என்றால் வேலையும் இல்லை.

துணைபோனவள் நான். அதற்கு முந்தின வாரம்தான் என் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாலாம் மாதம். அவளுக்குப் பிறவியிலேயே பலவீனமான இதயம். இன்னும் சுமந்தால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். கப்பலில் வேலை செய்யும் அவள் புருஷன் போனில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, அவள் இருந்தால் போதும் அக்கா என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். நானும் அவளும் இருக்கும் இரண்டு அறை வீடும் ஆலயத்துடையதுதான். வேலை போனால் நடுத்தெருதான்.

யாராவது கேட்டால் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்வதாக முடிவு செய்திருந்தோம். அதற்குள் என் பாழாய்ப்போன புத்தி வேலையைக் காட்டிவிட்டது. மறுநாள் ஆயர் பெயர் சொல்லி ஜெபிப்பதற்காகச் சனிக்கிழமைதோறும் ஜெபக் குறிப்பு தயாரிப்பேன். போன வாரத்துத் தாளையே திறந்து, தேதியை மாற்றி, குணமானவர்களையும் இறந்தவர்களையும் எடுத்துவிட்டுப் புதியவர்களைச் சேர்ப்பேன். அந்தச் சனிக்கிழமை அறிக்கையின் கடைசிப் பத்தியே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததில் தேதியை மட்டும் மாற்றினேன். 'கர்ப்பவதிகள்' என்ற தலைப்பின் கீழ் ஆறு பெயர்கள் அப்படியே இருந்தன. நாலாவது என் தங்கை.

ஞாயிறன்று வராவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று அவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஆயர் அறிக்கையை வாசித்து முடித்தபோது ஒருவர்கூட இருமவில்லை. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர், இந்த நாளில் நம் கர்ப்பவதிகளை முன்னால் அழைத்து ஆசீர்வதிப்போம் என்று சொல்லி என் தாளைக் கையில் எடுத்தார்.

நாலாவது பெயரைக் கேட்டதும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகாத. தலை சுத்துதுன்னு சொல்லிடலாம்" என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் கையை எடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். ஆயர் ஒவ்வொருத்தியிடமும் மைக்கை நீட்டி, மாதம் கேட்டு, தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்த மைக் கெட்டுப்போகட்டும் என்று நான் வேண்டியதுபோல வாழ்நாளில் எதையும் வேண்டியதில்லை. அது கெடவில்லை.

"உனக்கு எத்தனாவது மாசம்மா?"

"இப்ப இல்லீங்கய்யா. வச்சிருந்தா நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாங்க. போன வாரம் எடுத்துட்டேன்."

பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா ஓடிவந்து மகளை ஒரு எட்டு தள்ளி நிறுத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் இடத்தைவிட்டு எழவில்லை. ஆயர் கெட்டவர் இல்லை. தலையில் வைக்கப் போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மைக்கை இறக்கிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா உன்னைக் கூட்டிட்டுப் போனது?"

ஆலயமே திரும்பி என்னைப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை.

"யாருமில்லீங்கய்யா. தனியாத்தான் போனேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது."

ஆயர் என்னைப் பார்த்தார். ஊரில் யார் பேசினாலும் பதிலுக்குப் பத்து பேசுகிறவள் நான். ஆமாம், எனக்குத் தெரியாது என்று தலையாட்டினேன்.

அவள் திரும்பி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நற்கருணைக்கு எங்கள் வரிசையை அழைத்தார்கள். போகாமல் உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் எழுந்தேன். தங்கை கால்களை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள்.