ஒன்பது நிமிஷக்காரரின் ஆறு பிளக்குகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஆனதை அறிய அந்தத் தெருவில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. காதைப் பொத்திக்கொள்ளும் நேரம் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஏழு மணிக்குக் காப்பீட்டு நிறுவன அதிகாரி தம் வீட்டுக் கார் கொட்டகையைத் திறப்பார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் கிடக்கும் துணியை நான்காக மடித்து, மனம் நிறையாமல் எட்டாக மடித்து, மூலையில் வைப்பார். உள்ளே அமர்ந்து இன்ஜினைக் கிளப்புவார். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். முழக்கம் மட்டும் தெருக்கோடி வரை போய்த் திரும்பும். சரியாக ஒன்பது நிமிடம். பிறகு சாவியைத் திருப்பி அணைத்து, சைலன்சர் ஆறும் வரை காத்திருந்து, பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் துணியைப் போர்த்துவார். கடைசியாக நாட்குறிப்பில், 'ஓட்டம் நன்று' என்று எழுதுவார்.

ஓடாத வண்டிக்கு ஓட்டம் நன்று என்று எழுதிய மனிதர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். தெரு அவருக்கு 'ஒன்பது நிமிஷக்காரர்' என்று பெயர் சூட்டியிருந்தது. அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் ஆபத்துகளை எடைபோட்டுச் சம்பளம் வாங்குபவர். எந்தத் திருப்பத்தில் எத்தனை பேருக்குக் கை ஒடிந்தது, எந்தப் பாலத்தில் எத்தனை கண்ணாடிகள் நொறுங்கின என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனை தெரிந்தவர் சாலையில் இறங்குவாரா? மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்தக் கார், வாங்கி மூன்றாண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதிலும் பெரும்பங்கு, வாங்கிய அன்று கடைக்காரரின் ஆள் ஓட்டிவந்தது.

"என்னையாவது கல்யாணமான புதுசுல நாலு இடம் கூட்டிட்டுப் போனீங்க. இது பாவம், வந்த நாள்லேருந்து வீட்டுக்குள்ளயே கெடக்குது" என்பார் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காம் நிமிடத்தில், இன்ஜின் இருமியது. முழக்கம் நடுவே அறுந்து, மறுபடி ஒட்டி, மறுபடி அறுந்தது. பரீட்சை அறையில் விடை மறந்த பிள்ளையின் முகம் அதிகாரிக்கு வந்துவிட்டது.

அன்று மாலை 'அதிவேகச் சங்கம்' கூடியது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பன்னிரண்டு பேரின் சங்கம் அது. பன்னிருவரும் பேருந்திலோ வாடகைக் காரிலோதான் கூட்டத்துக்கு வருவார்கள். சொந்த வண்டியைக் கொண்டுவந்தால் கீறல் விழுந்துவிடும். அன்றைய விவாதம், இன்ஜினுக்குள் பொறி கொளுத்தும் ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றுவது என்பது. ஒருவர் ஆண்டுக்கொரு முறை என்றார். ஒருவர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்றார். அவருடைய வண்டி வாங்கியதிலிருந்து முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. ஒருவர், பிளக்கே தம் வண்டியில் இல்லை, அது அவ்வளவு உயர்ந்த வண்டி என்றார். தலைவரான பல் மருத்துவர், "வலி வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கிடணும்" என்று முடித்துவைத்தார்.

அதிகாரி வீட்டுக்கு வந்து வண்டியின் கையேட்டைப் புரட்டினார். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அச்சிட்டிருந்தது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அவர் ஓட்டும் வேகத்தில் அடுத்த பிளக் மாற்ற இன்னும் நானூற்று முப்பது ஆண்டுகளுக்குமேல் இருந்தது. அப்படியிருக்க இன்ஜின் ஏன் இருமுகிறது?

அவருடைய கொழுந்தியாள், மனைவியின் ஒரே தங்கை, கார் மெக்கானிக். பெரிய சர்வீஸ் நிலையத்தில் பார்த்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு முன்புதான் சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறந்திருந்தாள். சங்கத்தின் பன்னிரண்டு வண்டிகளையும் ஆண்டு முழுவதும் அவளே பராமரிப்பாள் என்று பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தவர் அதிகாரியேதான். அந்தப் பன்னிரண்டு வண்டிகளை நம்பித்தான் அவள் கையிலிருந்த வேலையை உதறியிருந்தாள்.

அவள் வந்து ஆறு பிளக்குகளையும் கழற்றினாள். அடுப்புக்கரியில் புரட்டி எடுத்தவைபோல் ஆறும் கறுத்திருந்தன.

"அத்தான், வண்டியை ஓட்டுறீங்களா, இல்ல கூவ மட்டும் விடுறீங்களா?"

"ஒழுங்கா வாரம் ஒன்பது நிமிஷம்."

"அதான் வினை. இது பறக்குற வண்டிக்குன்னு செஞ்ச பிளக். நல்லா சூடேறினாத்தான் மேல படியுற கரியைத் தானே எரிச்சுக்கும். நீங்க சூடு ஏறுறதுக்குள்ள அணைச்சிடுறீங்க. வாரா வாரம் கரி மட்டும் சேருது. மூணு வருஷத்துல இன்ஜினுக்குள்ளயும் கரி ஏறிடுச்சு, இனிமே புது பிளக்கும் சீக்கிரமே கறுத்துடும்."

"புக்குல அறுபதாயிரம்னு போட்டிருக்கான்மா."

"ஓடுற வண்டிக்குப் போட்டிருக்கான். கட்டிப்போட்ட குதிரைக்கு லாடம் தேயாது, வாஸ்தவம்தான். கால் விளங்காம போயிடுமே! வாரத்துக்கு ஒருநாள் நெடுஞ்சாலையில ஒரு மணி நேரம் ஓட்டுங்க, போதும்."

அதிகாரி தலையாட்டினார். காப்பீட்டு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் பொடி எழுத்து என்று விட்டுவிடும் வாடிக்கையாளர்களை இருபத்தாறு ஆண்டுகள் கடிந்துகொண்டவர், அவள் சொன்னதைப் பொடி எழுத்தாகவே விட்டுவிட்டார். புதிய பிளக்குகள் ஏறின; அடுத்த ஞாயிறு அதே ஏழு மணி, அதே ஒன்பது நிமிடம்.

பத்தாவது வாரம் இன்ஜின் மீண்டும் இருமியது. இம்முறை அவரே ஸ்பேனர் வாங்கி, முக்கி முனகி ஒரு பிளக்கைக் கழற்றினார். கன்னங்கரேல் என்றிருந்தது. பத்து வாரத்தில் புதுப் பிளக் இப்படியா ஆகும்? ஆகாது. ஆகவே அது புதுப் பிளக் அல்ல. ஆகவே பழையதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதியது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு 'ஆகவே'யிலிருந்து இன்னொரு 'ஆகவே'க்குத் தாவுவதில் அவருக்கு எந்த வேகத்தடையும் இருந்ததில்லை. சாலையில் காட்டாத வேகத்தை விரலில் காட்டி, சங்கத்தின் கைபேசிக் குழுவில் ஏழு பிரிவுகள் கொண்ட எச்சரிக்கை ஒன்றை எழுதினார். 'உறவினர் ஒருவர் நடத்தும் புதிய ஒர்க்‌ஷாப்' என்றுதான் குறிப்பிட்டார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பொழுது சாய்வதற்குள் பதினொரு பேரும் தங்கள் வண்டிகள் இனி அவளிடம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் இரண்டாண்டாகப் பானட்டையே திறக்காத ஒருவர், தம் வண்டியிலும் பழைய பிளக்கைத்தான் போட்டிருப்பாள் என்று சத்தியம் செய்தார். அவள் அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் வந்தாள். வழக்கமான கேலி இல்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"பழைய முதலாளி கூப்பிட்டிருக்காரு. கடையை மூடிட்டு வந்துடுன்னு சொல்றாரு. ரெண்டு மாசம் டைம் கேட்டிருக்கேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் செய்யணும், அத்தான்."

பையிலிருந்து ஆறு சிறிய அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒட்டுப் பிரிக்காதவை.

"நீங்களே பிரிங்க. ஒவ்வொரு பிளக் மேலயும் இரும்புல உங்க கையெழுத்தை ஊசியால கீறுங்க. உங்க கண்ணு முன்னாடி மாட்டுறேன். எட்டு வாரம் உங்க பழக்கத்தை ஒரு நிமிஷம்கூட மாத்தாதீங்க. அப்புறம் உங்க தலைவரை வெச்சுக் கழட்டிப் பாருங்க."

"அதுல என்ன தெரியும்?"

"நான் திருடியா இல்லையான்னு தெரியும்."

கதவுக்குப் பின்னால் நின்ற மனைவி பாத்திரத்தை ஓசையோடு வைத்தார். அதிகாரி ஊசியை எடுத்தார். கையெழுத்துப் போடுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. ஆறு பிளக்கிலும் சுழி பிசகாமல் கீறினார். வெற்றி தமக்கே என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எட்டு வாரமும் அவர் ஒரு வினாடி பிசகவில்லை. அந்த எட்டு வாரமும் மனைவி அவரிடம் மொத்தம் ஒன்பது நிமிடம் பேசியிருந்தால் அதிகம். ஏழாம் வாரம் இன்ஜின் செருமத் தொடங்கியது. நாட்குறிப்பில் 'ஓட்டம்' என்று எழுதியவர் அடுத்த சொல்லை எழுதாமல் மூடிவைத்தார்.

எட்டாம் ஞாயிறு சங்கத்தினர் எல்லோருக்கும் அழைப்புப் போயிருந்தது. வந்தவர் தலைவர் ஒருவர்தான், அதுவும் பேருந்தில். கொழுந்தியாள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க, பல் மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார், பழக்கத்தில்.

முதல் பிளக் வந்தது. முனை கரிக்கட்டையாக இருந்தது. தலைவர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். இரும்பின் மேல், சுழி பிசகாமல், அதிகாரியின் கையெழுத்து. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றும்போது தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஆறும் வரிசையாகத் துணியின் மேல் கிடந்தன, கையொப்பமிட்ட வாக்குமூலங்கள் போல.

"இது... பெட்ரோல்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றார் அதிகாரி.

கொழுந்தியாள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். ஒரு பிளக்கை எடுத்துத் துடைத்தாள். கையெழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"பெரிசு பண்ண வேண்டாம் சார். 'சிறு புரிதல் பிழை'ன்னு குழுவில ஒரு வரி போட்டுடுங்க. கௌரவமா முடிஞ்சுடும்" என்றார் தலைவர்.

அந்தக் கௌரவமான வழி அதிகாரிக்குப் பிடித்திருந்தது. அன்று நண்பகலுக்குள் அந்த ஒரு வரியைப் போட்டார். மாலைவரை இருவர் படித்தார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்; எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. எச்சரிக்கைக்கு வந்த பதில்கள் நூற்று நாற்பது.

"பாத்தீங்களா?" என்றார் மனைவி. எட்டு வாரத்தில் அது அவர் பேசிய மிக நீண்ட பேச்சின் தொடக்கம். "நெல்லிக்காய் மூட்டையை அவுத்துவிட்டது நீங்க. ஒரு இடத்துல நின்னுக்கிட்டு, 'எல்லாம் திரும்பி வா'ன்னு கூப்பிட்டா வந்துடுமா? ஒவ்வொண்ணா குனிஞ்சுதான் பொறுக்கணும். என் தங்கச்சி நாளன்னிக்குக் கடையைப் பூட்டுறா."

அதிகாரி இரவெல்லாம் புரண்டார். மற்றவர்களின் நஷ்டத்தை மதிப்பிட்டே பழகியவருக்கு, தாம் உண்டாக்கிய நஷ்டத்துக்கு எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. விடிந்ததும் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார். பதினொரு முகவரிகளை ஒரு தாளில் எழுதினார். ஊரின் நான்கு மூலைகளிலும் சிதறிக் கிடந்தார்கள். கடைசி மனிதர் நெடுஞ்சாலை ஓரம், அறுபது கிலோமீட்டர் தள்ளி. ஒரே நாளில் எல்லோரையும் பார்க்கப் பேருந்தை நம்ப முடியாது. கொழுந்தியாள் துடைத்து மாட்டிவிட்டுப் போன அதே ஆறு பிளக்குகளோடு கார் நின்றிருந்தது.

துணியை மடிக்காமல் அப்படியே கீழே தள்ளினார்.

தெரு வாசலுக்கு வந்து பார்த்தது. ஒன்பது நிமிஷக்காரரின் வண்டி நகர்கிறது! அவர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். வண்டி இருமிக்கொண்டே போனது. முதல் வீட்டில், காலை உணவின் நடுவே எழுந்து வந்தவரிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணு போட்டது புதுப் பிளக்தான். கெடுத்தது நான். அவமேல பழி போட்டதும் நான்."

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? இதுலயா வந்தீங்க?" அந்த மனிதரின் கண் காரை விட்டு அகலவில்லை. "ஓட்டலாமா இதையெல்லாம்?"

"ஓட்டினாத்தான் நல்லதாம். அவ சொன்னா."

இரண்டாம் வீட்டில் வெட்கம் அதிகமாக இருந்தது, ஐந்தாம் வீட்டில் குறையவில்லை. பானட்டைத் திறக்காமலே சத்தியம் செய்தவரிடம் மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தலைவரின் மருத்துவமனையில், நோயாளியின் வாய் திறந்திருக்கும்போதே நின்று சொன்னார். பிறகு நெடுஞ்சாலை. சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனவர், இன்ஜினின் இருமல் எப்போது நின்றது என்பதைக் கவனிக்கவில்லை. கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போதுதான், ஏதோ குறைகிறதே என்று காதைத் தீட்டினார். குறைந்தது இருமல். வண்டி ஒரே சுருதியில் பாடிக்கொண்டு போனது.

ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன; அவற்றின் சொந்தக்காரர்கள், முதன்முதலாகத் தாங்களே ஓட்டிவந்த களைப்பில், வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியாள் அதிகாரியின் வண்டியைப் பார்த்தாள். பானட்டைத் திறந்து, சூடு ஆறட்டும் என்று நெடுநேரம் காத்திருந்து, ஒரு பிளக்கைக் கழற்றினாள். முனை இளம் பழுப்பாக, பளிச்சென்று இருந்தது.

"இதை இப்போ மாத்த வேண்டியதில்ல" என்றாள். "மத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்தீங்களாமே?"

"சொன்னேன். பதினொரு பேர்கிட்டயும்."

"ம்."

அந்த 'ம்' எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. பதினொரு இடத்தில் தடங்கலின்றி வந்த வாக்கியம் இங்கே தொண்டையில் அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்தது. வாசலில் நின்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"உன்னைத் திருடின்னு எழுதினேன். நீ சொன்னதைக் காதுல வாங்காம எழுதினேன். தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடு."

அவள் பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்து, ஸ்பேனரையும் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்க, அத்தான். கையெழுத்து உங்களுதுதானே?"

அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். அவள் போய் ஷட்டரை முழுவதும் மேலே தள்ளினாள்.