காய்கறி டிராயரில் ஒரு குளிர்காலம்

குளிர்காலத்தை முழுதாக ஐந்து வாரம் என் சமையலறையில் பூட்டி வைத்திருந்தவன் நான். சூரியனே வந்து கதவைத் தட்டினான். "அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டேன். சிரிக்காதீர்கள். என் மச்சினனும் இப்படித்தான் சிரித்தான்.

தாவர ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் குளிரறையைக் கவனித்தவன் நான். முறைத்தால் தெர்மாமீட்டர் தானாக நாலு டிகிரிக்கு இறங்கும். ஓய்வு பெற்ற பிறகும் அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவின் செடிகளுக்காகத் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

அவருக்குப் பதினோரு வருஷமாக ஒரே போராட்டம். செடியின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இழை புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. தளர்ந்த இடத்தைச் செல் படிக்கும். இறுக்கிச் சுற்றிய இடத்தைப் படிக்க முடியாது. 'பூக்காதே' என்று உத்தரவு போடும் மரபணு ஒன்று உண்டு. வாரக்கணக்கில் குளிர் பட்டால் அந்த இடம் இறுகும், உத்தரவு அடங்கும், வெயில் வந்ததும் செடி பூக்கும். மற்றச் செடிகளுக்கு எட்டு வாரம் போதும். இவர் உருவாக்கிய ரகத்துக்கோ எட்டு வாரத்தில் இறுகியது மறுபடி தளர்ந்துவிடும்.

"பதிமூணு வாரம் வெச்சா இறுகி நிக்கும்" என்றார் டாக்டரம்மா. "மலட்டுச் செடி" என்றார்கள் மற்றவர்கள். விதை தீர்ந்து, மிச்சம் ஒன்பது தொட்டி. அவை பூக்காவிட்டால் அந்த ரகமும் இல்லை, பதினோரு வருஷமும் இல்லை.

எட்டாவது வாரம் குளிரறை எந்திரம் செத்தது. இனிப் பழுது பார்ப்பதில்லை என்று மேலிடம் கைவிரித்தது. தொட்டிகளை ஐஸ்கட்டிகளோடு சாக்கில் சுற்றி என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுவந்தேன். மனைவி பாலை எடுத்து வெளியே வைத்தாள். "அடுத்து உங்களைத்தான்" என்றாள்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான என் மச்சினன் குனிந்து பார்த்தான்.

"மாமா, இதுல பூ வந்துச்சுன்னா மீசையை எடுத்துடறேன்."

"உனக்கு மீசை எங்கடா இருக்கு?"

"அதான் தைரியமா சொல்றேன்."

கதவை மூடினால் உள்விளக்கு அணையும். செடிக்குக் குளிரிலும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். கதவோரப் பொத்தான் அமுங்காதபடி ஒரு தீக்குச்சியைச் செருகினேன். உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை!

மூன்று வாரம் கழித்து மச்சினன் உள்ளே கையை விட்டான். முகத்தில் கேலி இல்லை.

"மாமா, பழைய குண்டு பல்பு. ராத்திரி பகலா எரிஞ்சிருக்கு. மேல் தட்டெல்லாம் கதகதன்னு இருக்கு."

இறுகிக்கொண்டிருந்ததையெல்லாம் என் தீக்குச்சி அவிழ்த்துவிட்டது. எட்டுத் தொட்டி. மேலே இடம் போதாமல் கீழே காய்கறி டிராயரில், கண்ணாடி மூடிக்கு அடியில் வைத்த ஒன்றுதான் குளிர்ந்திருந்தது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். வாழ்க்கையில் நான் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் சொன்னது அது ஒன்றுதான். அவர் கத்தியிருந்தால் தேவலை. மேசையைக் காலி செய்தபடியே, "ஒண்ணை வெச்சு என்ன பண்றது? விட்டுடுங்க. ராஜினாமா எழுதிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

நான் விடவில்லை. பதிமூன்று வாரம் முடிந்ததும் எல்லாத் தொட்டிகளையும் ஜன்னலோரம் வைத்தேன். எட்டும் இலையாகவே கொழுத்தன. ஒன்பதாவதும் அப்படியே. தினமும் காலையில் பார்ப்பேன். பார்த்துவிட்டு யாரோடும் பேசமாட்டேன். என் வாய் ஓய்ந்ததைக் கண்டு பயந்துபோய் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றாள்.

இருபத்தாறாம் நாள், ஒன்பதாவது செடியின் நடுவில் ஒரு தண்டு. நுனியில் கடுகளவு வெள்ளை. நான் போட்ட கூச்சலில் இரண்டு தெரு நாய்கள் ஊரைவிட்டே ஓடின.

மச்சினனின் ஸ்கூட்டரில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

"பூத்துடுச்சும்மா!"

உள்ளிருந்து களைத்த குரல் வந்தது. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. முறைச்சே தெர்மாமீட்டரை இறக்குறவர்தானே நீங்க? போயிட்டு வாங்க."

நான் அளந்த கதைகளெல்லாம் சேர்ந்து வந்து அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நின்றன.

மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கதவருகே போனான்.

"நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்ம்மா. இவர் சொன்னது எதையும் இதுவரைக்கும் நம்பினதில்லை. ஆனா இது நடந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."