கால்மாட்டில் செங்கல்

மாதா கோயிலில் என் மகள் செல்வியின் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டிய ஞாயிறு. சாமியார் அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டார். பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் பிலவேந்திரனை வாசலில் மடக்கினேன்.

"இன்னா சம்பந்தி இது?"

"நான்தாங்க நிறுத்தச் சொன்னேன். உங்க பொண்ணு கட்டில் கால்மாட்டுக்கு அடியில செங்கல் வெச்சுப் படுத்துகினு கீறாளாமே. அது எதுக்குன்னு எங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கத்தில், கரு கலையும் ஆபத்தில் இருப்பவளைத்தான் அப்படிப் படுக்க வைப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

செல்வி வேலூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நம் நாட்டவர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த ஆண்டு அது. அன்றிலிருந்து அவளுக்கு விண்வெளி மருத்துவம்தான் பேச்சு. மேலே போனால் ரத்தம் தலைக்கேறுமாம். முகம் உப்பி, கால் இளைக்குமாம். தலையைத் தாழ்த்திப் படுத்தால் இங்கேயே அதைப் பார்க்கலாமாம். தனக்குப் பின்னால் படிப்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று, விடுமுறையில் தானே படுத்துப் பார்த்தாள். சல்லடை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரோசம்மாள் பார்த்திருக்கிறாள். பிலவேந்திரனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒரு வார்த்தை கேட்டாளா, பாவி!

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "அந்தச் செங்கல்லைத் தூக்கி எறி!"

"எதுக்குப்பா? தப்பு பண்ணவங்கதானே மறைக்கணும்?"

அவள் பேச்சு நியாயம். ஊர் நடுவே நிறுத்திய ஓலைக்கு ஊர் நடுவேதான் பதில். மாலை ஜெபத்துக்குக் கூட்டம் சேரும் நேரத்தில் கட்டிலின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்துக் கோயில் எதிரே போட்டோம். கால்மாட்டில் செங்கல் வைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நானே ஏறிப் படுத்தேன்.

"ஐயோ, இன்னாண்ணே இது!" என்று ரோசம்மாள் ஓடிவந்தாள்.

"எனக்கு எத்தினி மாசம்னு கேளேன், ரோசம்மா."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

செல்வி என் கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றி அளந்து, பாடம் எடுத்தாள். என் முகம் கனத்தது. கண்ணில் ரத்தம் கட்டியதுபோல் இருந்தது. "மேல போறவங்களுக்கும் இப்பிடித்தான்" என்றாள்.

"அப்போ சோறு எறங்குமாம்மா?" என்றாள் ஒருத்தி.

"எறங்கும்க்கா. தொண்டை தானே உள்ள தள்ளும்."

ஜெபத்துக்கு மணி அடித்தும் யாரும் உள்ளே போகவில்லை. பிலவேந்திரன் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"தெரியாம நடந்துபோச்சு சம்பந்தி. அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா?"

நான் செல்வியைப் பார்த்தேன். நேற்றுவரை அவரை மாமா என்று கூப்பிட்டவள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் நகருங்க. வெளிச்சம் மறைக்குது."

"கேட்டுக்கினீங்களா?" என்றேன், படுத்தபடியே. "ஓலை வாசிச்சுட்டு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாரே, அப்போ எழுந்து நிக்கிற மொத ஆளு நான்தான்."