சின்னராசாவின் கொண்டை

சின்னராசாவின் கொண்டையைப் பற்றி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் பெரிய கிளாக்கர் செபஸ்தியாம்பிள்ளை. உட்கார்ந்து எண்ணினால் அவர் தலையில் ஐம்பது முடி தேறாது. அந்த ஐம்பதையும் எண்ணெய் போட்டு இடது காதிலிருந்து வலது காதுக்கு இழுத்து ஒட்டிவைத்திருக்கிற மனிதருக்கு அடுத்தவன் முடி கண்ணை உறுத்தாமல் என்ன செய்யும்.

"ஆபீசுன்னா ஆபீசு மாதிரி இருக்கணும்ப்பா," என்றார். "தொரை பாத்தாருன்னா என்ன நெனைப்பாரு?"

சின்னராசா ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து அன்றைக்கு மூன்றாம் நாள். அதுவரை மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று நிறை எழுதிக்கொண்டிருந்தவன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் கூலியாட்களின் லயத்தில் பிறந்த பிள்ளை ஒருத்தன் ஆபீசு நாற்காலியில் உட்காருவதென்றால் அது லேசான காரியமில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்ததால் பெரிய கிளாக்கரே கூப்பிட்டுக் கொடுத்த வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள். தை மாதம் தோட்டத்து மேனேஜரான துரை வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், தனி வீடு, முற்றத்திலேயே தண்ணீர்க் குழாய். மனைவி நாகலெட்சுமி கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மழையில் கொழுந்தெடுக்க ஓட வேண்டாம். கையெழுத்து விழாவிட்டால் பழையபடி மடுவம், பழையபடி புகை மண்டுகிற லயத்துக் காம்பரா.

முடி மட்டும் சும்மாவா வளர்ந்தது? நாகலெட்சுமிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் பிறந்தன. இரண்டாவதை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றே சின்னராசா தோட்டத்து மாரியம்மன் முன்னால் போய் நின்றான். அடுத்தது உயிரோடு பிறந்தால், அதற்கு வருகிற முதல் பங்குனித் திருவிழாவில் பிள்ளைக்கும் தனக்கும் ஒன்றாக மொட்டை போடுகிறேன், அதுவரை தலையில் கத்தி படாது என்று நேர்ந்துகொண்டான். போன சித்திரையில் பெண் பிறந்தது. முத்துமாரி என்று பெயர் வைத்தார்கள். நன்றாகக் கத்தி அழுகிற பிள்ளை. அப்பன் தூக்கினால் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் அவன் பெரிய கிளாக்கரிடம் சொன்னான். "பங்குனி வரைக்கும் பொறுத்துக்குங்கய்யா. உங்க மக டோரீன் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்களும் நேந்துகிட்டு மடுமாதா கோயிலுக்கு நடந்தே போனீங்கதானே?"

"நடந்தேன். லீவு போட்டுட்டு நடந்தேன். ஆபீசுக்குள்ளயா நடந்தேன்?"

சின்னராசா பல்லைக் கடித்துக்கொண்டு, கொண்டையை எப்படியாவது கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தான். காலையில் விறைக்கிற தண்ணீரில் தலையை அலசி, தேங்காயெண்ணெய் தடவி, பிசிறில்லாமல் வாரி, நாகலெட்சுமியிடம் கொடுத்து இறுக்கி முடியச் சொல்வான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை. கொண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ஆபீசிலேயே துப்புரவான ஆள் அவன்தான். ஆனால் யார் ஒதுக்கிப் பார்க்கிறார்கள்? கொழுந்துக் கூடையோடு போகிற வீரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, "கிளாக்கரய்யா, பங்களாத் தோட்டத்துல நல்ல டேலியாப் பூ பூத்திருக்கு, ஒண்ணு பறிச்சாரவா?" என்று கேட்பாள். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

முதலில் தலைப்பாகை கட்டிப் பார்த்தான். துரை முன்னால்கூடக் கழற்ற வேண்டியதில்லாத சாமான் அது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் ஆபீசு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தலப்பா கட்டுறது நானும் கங்காணிமாரும். நாளைக்குக் காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப ஆளுக உனக்குச் சலாம் போடவா, எனக்குப் போடவா? எம் பொழப்புல ஏன்டா மண்ணப் போடுற?"

தலைப்பாகை அன்றைக்கே போயிற்று. பிறகு, கையெழுத்து நெருங்கித் தை பிறந்ததும் ஹற்றன் டவுனுக்குப் போய் ஒரு கம்பளித் தொப்பி வாங்கினான். கொண்டையையும் உள்ளே அடக்க வேண்டுமே என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கினான். ஆபீசுக்குள் ஏன் தொப்பி என்று கேட்டால் தலைவலி என்று சொன்னான். அதுவும் ஒரு வாரம்தான். தொப்பிக்கு ஒரு சனியன் உண்டு, துரை வந்தால் கழற்றியாக வேண்டும். தொப்பி போட்டவர்கள், காவல்காரன் முதல் தொழிற்சாலை டீமேக்கர் வரை, துரை தலையைக் கண்டதும் தங்கள் தலையிலிருப்பதைக் கையில் எடுத்துவிடுவார்கள். அன்றைக்குத் துரை சொல்லாமல் உள்ளே நுழைந்தார். சின்னராசா பதறி எழுந்து தொப்பியை உருவினான். கொண்டை ஊசி தொப்பியில் மாட்டிக்கொண்டு அதோடு வந்தது. முடி முழுவதும் அவிழ்ந்து முகத்திலும் தோளிலும் விழுந்தது.

துரை கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நடந்து தன் அறைக்குள் போனார். பெரிய கிளாக்கருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"மானம் போச்சு," என்றார். "இனி ஒரு பேச்சும் வேணாம். திங்கக்கிழமை உன் கடுதாசிய தொரை மேசையில வைக்கணும். இந்தத் தலையோட நீ வந்தா நான் வைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குவேன்."

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பங்குனிக்கு முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை. இரண்டரை வருசம் வளர்ந்ததற்கு இன்னும் இரண்டு மாதம் பொறுக்க இந்த உலகத்தில் ஒருவனுக்கும் மனசில்லையே என்று சின்னராசாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? சனிக்கிழமை, தோட்டத்தில் முடி வெட்டுகிற அழகனிடம் போய் உட்கார்ந்தான். அழகன் கத்தியை மடக்கி உறையில் போட்டுக்கொண்டான்.

"சாமிக்கு நேந்த முடிங்க அது. பூசாரி மொதல்ல ஒரு கொத்து வெட்டிக் குடுக்காம நான் தொட மாட்டேன். எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

பஸ் ஏறி ஹற்றனுக்குப் போனான். சலூன்காரர் சிங்களவர். கொண்டையை அவிழ்த்துக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒக்கொமத மாத்தயா?" என்று கேட்டார். எல்லாவற்றையுமா என்று. சின்னராசா கண்ணாடியைப் பார்க்காமல் தலையாட்டினான். வெட்டிய முடியைக் கீழே விட அவனுக்கு மனம் வரவில்லை. பழைய பேப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முத்துமாரி அவனை யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுதாள். நாகலெட்சுமி அவனைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை வாங்கி மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றப் போனாள். ஞாயிறு முழுவதும் அவள் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

திங்கட்கிழமை காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அப்படி ஒரு பனி. பெரிய கிளாக்கர் அவன் தலையைப் பார்த்து, "இப்பதான்ப்பா மனுசன் மாதிரி இருக்க," என்று சொல்லித் துரை அறைக்குள் கூட்டிப்போனார். துரை கடிதத்தை ஒருமுறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"நல்ல எழுத்து இந்த ஆள்," என்றார் தன் உடைந்த தமிழில். "யார் இவன்? எங்க இருக்கு?"

"இவர்தான் சேர். ஆறு மாசமா இங்கதான் சேர்."

துரை அப்போதுதான் நிமிர்ந்தார். சின்னராசாவை இதற்கு முன் பார்த்த அடையாளமே அந்த முகத்தில் இல்லை. ஒட்ட வெட்டிய தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு நல்ல குளிர். நீ தொப்பி போடு," என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

வெளியே வந்ததும் சின்னராசா பெரிய கிளாக்கரை மறித்துக்கொண்டு நின்றான்.

"தொரை எப்பங்கய்யா சொன்னாரு, கொண்ட கூடாதுன்னு?"

செபஸ்தியாம்பிள்ளைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அவரு எதுக்குச் சொல்லணும்? அவரு சொல்றதுக்கு முந்தி நாமளா தெரிஞ்சு நடந்துக்கணும். முப்பது வருசமா நான் அப்படித்தான் இருக்கேன்," என்றார். சொல்லிவிட்டுத் தன் ஐம்பது முடியையும் உள்ளங்கையால் தடவிவிட்டுக்கொண்டார்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை நாகலெட்சுமியிடம் நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கீழே இருந்த கையெழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை அவன் மடியில் ஏறி, கொண்டை இருந்த இடத்தில் இரண்டு கையையும் போட்டுத் துழாவியது.

"சாமிக்குன்னு வச்சிருந்தத தொரைக்குக் குடுத்துட்டு வந்தீங்க," என்றாள் நாகலெட்சுமி. மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. "வாங்கிக்கிட்டாரா?"

"தொப்பி போடச் சொன்னாரு," என்றான் சின்னராசா.