வயிற்றின் மேல் ஒரு புகார்

ஆண்கள் வார்டில் காலை ரவுண்ட்ஸ் நீதிமன்றம் மாதிரி நடக்கும். நோயாளி புகார் கொடுப்பார். குற்றவாளி, அவருடைய உறுப்பு. தீர்ப்பு சொல்வது டாக்டர். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அழுதுகொண்டே சொன்னால் வலி கூடும், திட்டிக்கொண்டே சொன்னால் குறையும் என்பது அவர் கட்சி. எந்த மருத்துவப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் வார்டில் தூக்க மாத்திரை கேட்பவர்கள் குறைந்துபோனதால் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. பார்க்க ஆள் வராத நோயாளிகளுக்கு அவரே நகம் வெட்டிவிடுவார். வெட்டி முடிக்கும்வரை, வராத சொந்தக்காரர்களை அவர்கள் சார்பில் திட்டுவார்.

அன்று காலை முழங்கால் உடைந்த ஒருவர், தன் முழங்காலை வீட்டோடு மாப்பிள்ளை என்று வர்ணித்தார். வேலை செய்யாது, சத்தம் மட்டும் போடுமாம். நல்ல கைதட்டல். அடுத்த கட்டிலில் பஸ் டிரைவர். குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்.

"வயித்துக்குள்ள எவனோ ரிவர்ஸ் எடுக்குறான் சார். பின்னாடி பாக்குறதே இல்ல."

வார்டு குலுங்கியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லைசென்ஸைப் பிடுங்கிவிடலாம் என்று தீர்ப்பு சொன்னார். டிரைவரின் நெற்றியில் வியர்வை இருந்தது. மேடை பயம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மதியத்துக்குள் டிரைவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இறங்கிய குடல் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, ஒரு பகுதி கறுத்துவிட்டிருந்தது. காலையில் ஒரு கை வைத்து அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கை அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்ய உள்ளே போகும் முன் பெரிய டாக்டர், வார்டு டாக்டரைக் கூப்பிட்டு, வீட்டு ஆட்களிடம் 'எதிர்பாராத சிக்கல்' என்று மட்டும் சொல்லச் சொன்னார். நல்ல சொற்றொடர். யாரையும் கடிக்காது.

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி இருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அதைவிட அவள் ஒரு செருப்பை எறிந்திருக்கலாம்.

"நீங்க வந்துட்டீங்கல்ல, இனிமே எனக்குப் பயமில்ல. நேத்து ராத்திரியே வலிக்குதுன்னு போன்ல சொன்னாரு டாக்டர். நர்ஸம்மாவக் கூப்பிடுங்கன்னேன். வேணாம்டி, காலைல டாக்டர்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், இப்பவே சொன்னா வீணாப்போயிடும்னாரு. சொன்னாரா?"

எதிர்பாராத சிக்கல் தொண்டை வரை வந்து நின்றது.

"சொன்னாரும்மா. நல்லாவே சொன்னாரு. நான் சிரிச்சேன். வயித்தத் தொட்டுப் பாக்கல. பாத்திருந்தா காலைலயே உள்ள கொண்டு போயிருக்கலாம். தப்பு என் மேல."

அவள் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இப்ப உள்ள யாரு பாக்குறாங்க?"

"பெரிய டாக்டர்."

"அவரு சிரிப்பாரா?"

"மாட்டாரு."

"நல்லது" என்றாள்.

பெஞ்சில் இடம் இருந்தது. டாக்டர் உட்காரவில்லை.

பெரிய டாக்டர் வந்து, கறுத்த பகுதியை வெட்டி எடுத்தாயிற்று, பிழைத்துக்கொள்வார் என்றார். அவள் அவரைக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். மாலையில் அவளே வந்து கூப்பிட்டாள். "உங்களத் தேடுறாரு."

டிரைவரின் உதடு காய்ந்திருந்தது. டாக்டர் குனிந்து, கட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கை வைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். டிரைவர் விட்டத்தைப் பார்த்தார். நல்லதாக ஏதாவது தேடுகிறார் என்பது தெரிந்தது.

"யோசிக்காதீங்க" என்றார் டாக்டர். "சும்மா சொல்லுங்க."

டிரைவர் சங்கடத்தோடு மனைவியைப் பார்த்தார். பிறகு வாய் கோணியது.

"ரொம்ப வலிக்குது சார்" என்று அழ ஆரம்பித்தார்.

டாக்டர் கையை எடுக்கவில்லை.