நிறுத்தங்களை நீக்கியவரின் கார்

பேருந்துக் கழகத்தின் வழித்தட அதிகாரி எந்தக் காரில் ஏறினாலும், அவருடைய உத்தரவால் நீக்கப்பட்ட ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தக் கார் தானாகவே நின்றது. அங்கே காத்திருந்தவர்கள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை நகர மறுத்தது. மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை காலையில் இது தொடங்கியது. அன்று முதலில் ஏறியவர் ஓர் எலெக்ட்ரீஷியன். சுருட்டிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னிருக்கையில் வசதியாகச் சாய்ந்தார். இது பேருந்தல்ல, கார் என்று அதிகாரி சுட்டிக்காட்டினார். "அது தெரியுது சார். ஆனா நின்னுச்சே" என்றார் எலெக்ட்ரீஷியன். அவருக்குப் பின்னால் துணிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும், முழங்கால் வலிக்காரர் ஒருவரும் ஏறினர். அடுத்த நிறுத்தத்தில் இன்னும் ஐந்தாறு பேர். காரின் வெளியளவு ஓர் அங்குலமும் கூடவில்லை. உள்ளே எத்தனை பேர் வந்தாலும் இன்னொருவருக்கு இடம் மிச்சமிருந்தது. அதிகாரிக்கு வியப்பு ஏற்படவில்லை, அருவருப்புதான் ஏற்பட்டது. தேங்காய் எண்ணெயும் வியர்வையும் தம் இருக்கை உறைகளில் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே ஓட்டினார்.

அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். பேருந்துகள் தாமதமாவதற்குக் காரணம் பயணிகளே என்பது அவர் ஆய்ந்தறிந்த உண்மை. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், பையைத் தேடுகிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் ஒரு பேருந்தும் பிந்தாது. ஆகவே ஆண்டுதோறும் சில நிறுத்தங்களை நீக்கினார். எதை நீக்குவது என்பதைக் கண்டறிய அந்த அலுவலகத்தில் ஒரு முறை இருந்தது. அதிகாரிகள் குளிரூட்டப்பட்ட காரில் பேருந்தைப் பின்தொடர்ந்து சென்று, எந்த நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை என்று பார்ப்பார்கள். அந்த நகரத்துப் பேருந்துகளுக்கு ஏறவும் இறங்கவும் ஒரே கதவு; அது ஓட்டுநருக்கு அருகில், நடைபாதைப் பக்கம் இருந்தது. பின்னால் வரும் காருக்குப் பேருந்தின் முதுகு மட்டுமே தெரியும். அதனால் எல்லா நிறுத்தங்களிலும் யாருமே ஏறாதது போலத்தான் தோன்றும். பேருந்து கிளம்பியபின் நடைபாதையில் தென்பட்டவர்களை வேலைவெட்டியில்லாமல் நிற்பவர்கள் என்று அதிகாரிகள் முடிவுகட்டினர். இந்த முறையில் பிழை இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஏனெனில் அவர்களில் ஒருவரும் பேருந்தில் கால் வைத்ததில்லை. எக்ஸ்பிரஸ் தம் வீட்டு வாசலில் இருந்த நிறுத்தத்தை மட்டும் பின்தொடராமலேயே நீக்கினார். அங்கே நின்றவர்கள் அவருடைய மதில்மேல் சாய்ந்தார்கள்.

அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கழகத்தின் தலைவர் அந்த ஆண்டு ஓய்வுபெறவிருந்தார். அந்த நாற்காலி தமக்கு வர வேண்டும். வந்தால் மீதமுள்ள நிறுத்தங்களையும் எடுத்துவிட்டு, பணிமனையில் புறப்பட்டுப் பணிமனைக்கே வந்துசேரும் குற்றமற்ற பேருந்துகளை ஓடவிடலாம் என்று எண்ணியிருந்தார். இருபது ஆண்டுகளாகத் தம்மைவிட அறிவில் குறைந்தவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னதெல்லாம் அந்த நாற்காலிக்காகவே. அப்படியிருக்க, தம் காரில் ஊர்ச்சனத்தை ஏற்றிக்கொண்டு அலுவலக வாசலில் போய் இறங்குவது எவ்வளவு பெரிய கேவலம் என்பதை அவர் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காரை மெக்கானிக்கிடம் விட்டார். இரண்டு நாள் ஓட்டிப்பார்த்த மெக்கானிக், வண்டி பூப்போல ஓடுகிறது, ஒரு குறையுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். மைத்துனரின் காரை இரவல் வாங்கினார், அதுவும் நின்றது. "மாமா, நாலு வருஷமா இந்த வண்டி எங்கயும் நின்னதில்ல. என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று மைத்துனர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். டாக்ஸி பிடித்தார். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய கூட்டத்தைத் திரும்பிப் பார்த்த டாக்ஸி ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். "நீங்க இறங்கிட்டா வண்டி போகுது. ஏறினா நிக்குது. கோளாறு எதுலன்னு நான் வேற சொல்லணுமா சார்?"

அவருடைய மனைவி நகரத்தின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். வாசல் நிறுத்தம் போனதிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்வரை நடந்து சென்றே பேருந்து ஏறினார். கணவரின் காரில் ஏறுவதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தார். இப்போது அவருக்குச் சாப்பாட்டு வேளைகள் சுவையாகிவிட்டன. "இன்னைக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா உங்க வண்டியிலதான் வந்தாங்களாம். பஸ்ஸைவிடத் தேவலையாம், டிரைவர்தான் மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்காராம்" என்றார். அதிகாரி தட்டைப் பார்த்தபடி, ஜனங்களுக்கு நன்றி என்பதே கிடையாது என்றார். "நன்றியா? அவங்க உங்களப் பத்திக் குறை சொல்லலங்க. அடையாளம் சொன்னாங்க."

தலைவர் பதவிக்கான நேர்காணல் நாள் வந்தது. ஆட்சிக்குழு கூடும் கட்டடம் நகரத்தின் நடுவில் இருந்தது. வழியெங்கும் அவர் நீக்கிய நிறுத்தங்கள். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும், அதற்கேற்ப அவ்வளவு சீக்கிரமே ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதை அவர் அதற்குள் கற்றிருந்தார். குளித்துக்கொண்டிருக்கையில் அவருக்கு ஓர் உண்மை பளிச்சிட்டது: அவர் நீக்கிய நிறுத்தங்களில் நிற்காமல் செல்லக்கூடிய வாகனம் அந்த நகரத்தில் ஒன்றே ஒன்றுதான், அது பேருந்து. அதற்கான உத்தரவில் அவருடைய கையெழுத்தே இருந்தது. வாழ்வில் முதல்முறையாகப் பேருந்துக்குக் காத்திருக்க, கோட்டும் பளபளக்கும் காலணியுமாக வாசலுக்கு வந்தார். மதிலோரம் பத்துப் பன்னிரண்டு பேர் சாய்ந்து நின்றிருந்தனர். அவர்களிலிருந்து சற்று விலகி நின்றார். பேருந்து வந்தது, குறித்த நேரத்தில், பாதி காலியாக. கையைக் காட்டினார். அவருடைய சுற்றறிக்கைகளால் பழக்கப்பட்ட ஓட்டுநர் அவரை ஒரு மின்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்துபோனார். அடுத்ததும் அப்படியே. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு சாலையில் இறங்கி ஓடியும் பயனில்லை. காலணியில் சேறு தெறித்ததுதான் மிச்சம்.

"நிக்காது சார்" என்றாள் வீடு துடைக்கும் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி. "இங்க இருந்த ஸ்டாப்ப யாரோ ஒரு மகராசன் எடுத்துட்டாரு. பாலம் தாண்டிப் போகணும்."

"அப்போ நீங்கள்லாம் எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியன் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "என்ன சார் கேள்வி இது. உங்களுக்காகத்தான். கிளம்புங்க, வேலைக்கு நேரமாகுது."

வேறு வழியின்றிக் காரை எடுத்தார். வழியில் நிறுத்தம் தவறாமல் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருவர் மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பிவந்தார். ஆட்சிக்குழுவின் அறைக்குள் அதிகாரி நுழைந்தபோது, பெருக்குபவர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிருந்தது. அவர் அதே கட்டடத்தின் மாடியில் குடியிருந்தவர்; நேரந்தவறாமை தவிர வேறெந்தத் தகுதியும் அவரிடம் இருந்ததாக அவருடைய தாயார்கூடச் சொன்னதில்லை. ஆட்சிக்குழுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எக்ஸ்பிரஸ் மேல்முறையீடு செய்யவில்லை. தாமதத்துக்கு அவர் சொல்லக்கூடிய ஒரே காரணம், ஏறுபவர்களுக்காக நிற்க வேண்டியிருந்தது என்று பேருந்து ஓட்டுநர்கள் ஏற்கெனவே எழுதியனுப்பி, அவர் சிரித்துக் கிழித்துப்போட்ட அதே காரணம்தான்.

பிறகு வருடங்கள் போயின. அவர் ஓய்வுபெற்றார். காரை விற்று வேறு வாங்கினார், அதையும் விற்றார். எது வந்தாலும் நின்றது. நிறுத்தங்களைத் திரும்ப வைக்கும்படி புதிய தலைவரிடம் எவரும் கேட்கவில்லை, கார் வருகிறதே என்று விட்டுவிட்டார்கள். பொருட்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட இரண்டே நாளில் பழகிக்கொண்டு, எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் வழி சொன்னார்கள். பயணிகளைப் பற்றிய அதிகாரியின் கருத்து இம்மியும் மாறவில்லை; அதை அவர் ஓட்டிக்கொண்டே அவர்களிடமே சொல்வார், அவர்களும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போவதற்கு ஓரிடமும் இல்லாததால், அவர் பனியனோடு சாய்வு நாற்காலியில் படுத்துக்கிடந்தார். அழைப்புமணி அடித்தது. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாசல்ல ஆள் நிக்கிறாங்க."

"எனக்கு இன்னைக்கு எங்கயும் போற வேலை இல்லன்னு சொல்லு."

"சொன்னேன். அவங்களுக்கு இருக்காம்."

இந்த ஜனங்களால் ஒரு நாளாவது ஒரு மனிதன் நிம்மதியாக இருக்க முடியுமா என்று அவர் கூரையைப் பார்த்துக் கேட்டார். உருப்படாதவர்கள், சோம்பேறிகள், நடக்கத் தெரியாதவர்கள் என்று வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடித்ததும் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டபடியே கீழே இறங்கினார்.