யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்

கண்ணாடிக்காரரின் மச்சினன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "மாமா, இது நம்ம பாப்பாதானே?"

பாப்பாதான். ஐந்து வயதுப் பாப்பா. பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுகிறாள். கன்னத்தில் கண்ணீர்க் கோடு. இடது புருவத்தில் கட்டில் முனை கிழித்த தழும்பு. அவர் எடுத்த படம். அன்றைக்கு அவரே அவளுக்கு முடி வெட்டிவிட்டிருந்தார். நெற்றி முடி ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும் நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிள்ளை ஓவென்று அழுதது. படியில் வெளிச்சம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அவர் சமாதானம் செய்யப் போகவில்லை. கேமராவை எடுக்க ஓடினார்.

இப்போது அந்த முகம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரப் போஸ்டராக நின்றது. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில், 'அப்பா இன்னைக்கும் குடிச்சிட்டு வருவாரா?' கீழே ஒரு மறுவாழ்வு மையத்தின் எண். அதற்கும் கீழே, மூலையில், 'படம்' என்று போட்டு அவர் பெயர். இனிஷியலோடு, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

அவர் குடிக்கிறவர் இல்லை. இருமல் மருந்து உள்ளே போனாலே தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுவார்.

"உங்களையா?" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "குடிகாரன்னு சொல்லணும்னா அதுக்கும் ஒரு முகவெட்டு வேணாமா?"

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரைதான் அந்தச் சிரிப்பு. இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள். வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"டீச்சர் தனியா கூப்பிட்டாங்க. வீட்ல எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாங்க. சரியா இருக்குன்னேன். எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்மா சொல்லும்னு தலையைத் தடவினாங்க."

"அவங்க கிடக்காங்க."

"பக்கத்துல உக்கார்றவ அவ கேக்கை முழுசா எனக்குக் குடுத்துட்டா. அவ யாருக்கும் எதுவும் குடுக்க மாட்டாப்பா." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அதை எடுத்துடு. அது அங்க இருக்கிற வரைக்கும் நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்."

"நாளைக்கே எடுத்துடறேன்," என்றார்.

அவருக்குத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. படம் எடுப்பது ஆசைக்கு. எடுத்ததில் நல்லதாகப் பொறுக்கி, இலவசப் படங்களுக்கென்று இருந்த ஓர் இணையதளத்தில் போட்டு வைப்பார். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், கேட்கத் தேவையில்லை என்பது அங்கே நிபந்தனை. சம்மதம் என்று அழுத்தும்போது ஊருக்கே பந்தி போட்ட நிறைவு அவருக்கு. படத்தில் ஆள் அடையாளம் தெரிகிறதா, அந்த ஆளுடைய சம்மதம் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். பெற்ற பிள்ளைதானே என்று இருக்கிறது என அழுத்தினார். எடுத்தவர் பெயரைப் போடுவது கட்டாயமில்லை என்றார்கள். அது மட்டும் அவருக்கு உறுத்தியது. படத்துக்கு அடியில் தானே எழுதி வைத்தார்: 'தயவுசெய்து படம் எடுத்தவர் பெயரைப் போடவும்.'

போட்டுவிட்டார்கள்.

மறுவாழ்வு மையத்தின் மாடியில் போஸ்டர் வடிவமைக்கிற பெண் அவர் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள்.

"சார்! நீங்களா? அந்த அழற பாப்பா படம் எடுத்தவர்!" பக்கத்து அறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நாற்காலி வந்தது. டீ வந்தது.

"அது எம் பொண்ணும்மா."

"அதான் சார், அவ்வளவு இயல்பா வந்திருக்கு."

"நான் குடிக்க மாட்டேன்."

அவள் டம்ளரைப் பார்த்தாள். "வெறும் டீதான் சார்."

"டீயைச் சொல்லலம்மா. குடியைச் சொல்றேன். நான் குடிக்கிறவன் இல்ல. அந்த போஸ்டரை எடுக்கணும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. திருடிப் பிடிபட்டவள் முகம் இல்லை அது. ஒழுங்காகச் செய்த வேலைக்குத் திட்டு வாங்குகிறவள் முகம். அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் கண்ட இடத்துல இருந்து படத்தைச் சுட்டுப் போட்டுட்டு இருந்தார் சார். நான் வந்துதான் நிறுத்தினேன். அனுமதி இல்லாம ஒரு பூ படம்கூட எடுக்க மாட்டேன். எல்லாத்துக்கும் அத்தாட்சி வெச்சிருக்கேன்." அவர் சம்மதித்த பக்கத்தை அப்படியே அச்செடுத்து வைத்திருந்தாள். அவர் எழுதிய தயவுசெய்துவும் அதில் இருந்தது. "நிறையப் பேர் பேர் போடறதில்ல. நாங்க போட்டோம்."

"சரிம்மா. குடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"இனிமே யாருக்கும் குடுக்காம இருக்கலாம் சார். ஏற்கெனவே எடுத்தவங்க கையில இருந்து வாங்க முடியாது. அதுவும் இதுலயே இருக்கு." ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"அப்போ படம் யாரோடது?"

"உங்களோடதுதான் சார்." அதில் கிண்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். "படம் சித்தரிப்புக்கு மட்டும்தான், நிஜமில்லைன்னு கீழே போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

அவர் மேசையில் கிடந்த போஸ்டர் மேல் குனிந்து தேடினார். ஓரத்தில் எறும்பு மாதிரி ஏதோ இருந்தது.

"என் கடையில கண் பார்க்கிற அட்டை இருக்கு. அதோட கடைசி வரிகூட இதைவிடப் பெருசும்மா."

நிர்வாகி வந்தார். நல்ல மனிதர். கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லா ஊருக்கும் ஒட்டப் போய்விட்டது, கிழிக்கச் சொல்லத் தனக்கும் அதிகாரம் இல்லை என்றார். வேண்டுமானால் அடுத்த அச்சில் பெயரை எடுத்துவிடலாம் என்றார். பெயரை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் விடுவதா? கண்ணாடிக்காரருக்கு எது மோசம் என்று பிடிபடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் சார்," என்றார் நிர்வாகி. "அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் தானா வந்து சேர்ந்திருக்கார். கீழதான் இருக்கார்."

அதற்குப் பிறகு கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று. இறங்கும்போது ஓர் அறைக்கதவு திறந்திருந்தது. கட்டில் விளிம்பில் ஓர் ஆள் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து இணையதளத்திலிருந்து படத்தை நீக்கினார். ஓர் அழுத்தில் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் அது அப்படியே இருந்தது.

கடையில், கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் பார்க்க அளவுகோலோடு குனிந்தால், எதிரே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் அவர் விரல் நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நடுங்கியது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். இலவசப் படம், நிபந்தனை, சம்மதம் என்று அவர் நீட்ட நீட்ட அந்த அம்மாள் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

"விடுங்க. எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார்," என்றாள்.

பக்கத்துக் கடை கடிகாரக்காரனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவனால் ஒரு பயனும் இல்லை. "குடிக்காமலே இவ்வளவு பேரு வாங்கிட்டியேய்யா. குடிச்சிருந்தா உனக்குச் சிலையே வெச்சிருப்பாங்க," என்றான்.

மகள் வீட்டிலேயே இருந்தாள். அவர் பள்ளிக்குப் போய் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேட்டு முடித்துவிட்டு, "ஒத்துக்கறதுதான் சார் ரொம்பக் கஷ்டம்," என்றாள். போஸ்டரில் இருந்த அதே எண்ணைச் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் பேசலாமாம்.

வீட்டில் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சம்மதம் என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"என்னைக் கேட்டியா?"

"உனக்கு அப்போ அஞ்சு வயசும்மா."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அஞ்சு வயசுல எனக்குப் பேச வரும்."

 

ஒரு காலையில் மகள் தானாகவே சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, பையைக் கழற்றிப் போட்டு, பசிக்கிறது என்றாள். மனைவிக்குப் போன உயிர் வந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் அவர்.

"நான்தான் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அப்பா முன்னாடி குடிச்சார், இப்போ விட்டுட்டார்னு."

"அடிப்பாவி!" என்றாள் மனைவி.

"நிஜத்தையும்தான் சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் போய்ச் சொன்னார். யார் நம்பினா? இதைச் சொன்னதும் கிளாஸே கை தட்டிச்சு. டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு." அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். "இனிமே யார்கிட்டயும் போய் விளக்காதப்பா. நான் அந்த கிளாஸ்ல உக்காரணும். சத்தியம் பண்ணு."

அவர் அவள் கையில் கை வைத்தார்.

அதன்பிறகு தெருவில் வணக்கங்கள் மாறின. மூச்சைப் பிடித்துக்கொண்டவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். விட்டுடாதீங்க என்றார்கள். சரிங்க என்றார். சரி என்பதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். மனைவியின் அக்கா போனில், "இத்தனை வருஷம் எங்ககிட்டயே மறைச்சியேடி," என்று தங்கையைக் கடிந்துகொண்டாள். அவளும் ஆமாம் அக்கா என்றாள்.

மழை பெய்த ஒரு மதியம் கடைக்கு ஓர் ஆள் வந்தார். கண் சோதனைக்கு என்றார். நாற்காலியில் உட்கார வைத்து அட்டையைக் காட்டினார் கண்ணாடிக்காரர். கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தார் அந்த ஆள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே."

"தெரியுங்க." அவர் எழுந்திருக்கவில்லை. நனைந்த சட்டையிலிருந்து ஒரு நெடி வந்தது. கண்ணாடிக்காரர்தான் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணும் உங்க பொண்ணும் ஒரே கிளாஸ். அப்பா விட்டுட்டார்னு உங்க பொண்ணு சொன்னதை அவ வீட்ல வந்து சொன்னா. எங்கிட்ட சொல்லல. அவங்க அம்மாகிட்ட சொன்னா. எனக்குக் காதுல விழுந்துச்சு."

கண்ணாடிக்காரர் வில்லை துடைக்கிற துணியை மடித்தார். பிரித்தார்.

"மையத்துல டாக்டர் இருக்காங்க," என்றார். "நல்லவங்க. நான் வேணா கூட வரேன்."

"போறேங்க. போகணும். அங்க இருக்கிறவங்க பேசினா படிச்சவங்க பேசுற மாதிரி இருக்கும். நீங்க நம்மள மாதிரி. பட்டவர். நீங்க சொன்னா எனக்கு ஏறும்." அந்த ஆள் தன் கைகளை நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தி வைத்துக்கொண்டார். அப்படியும் அவை நிற்கவில்லை. "முதல் வாரம் எப்படிங்க இருந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் இந்த ஆள் எழுந்து போய்விடுவார். எங்கே போவார் என்பதும் தெரிந்ததுதான். நாளைக்கு வகுப்பில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்ப்பாள்.

வெளியே மழை விடவில்லை. அந்த ஆள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த ஆள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார்.